புதிய கம்பைலர் வந்துவிட்டது. இயங்குதளத்துக்கு ஏன் இன்னும் வரவில்லை?

மொரிஷியஸின் எபேனில் அண்மையில் வேலைக்குச் சேர்ந்திருக்கும் ரோஸ் ஹில் தம்பி ஒருவர் கேட்டிருப்பது இது: "ஜிசிசி 15 பதிப்பு 2025 ஏப்ரலிலேயே வெளியாகிவிட்டது. அதே ஆண்டு ஆகஸ்டில் வந்த டெபியன் 13-ல் ஜிசிசி 14 தான் இருக்கிறது. மூல நிரலை இறக்கி நானே ஒரு மாலையில் பில்ட் செய்துவிட்டேன். அவர்களால் ஏன் முடியவில்லை? லிங்கருக்கென்று தனியாக ஆள் எதற்கு? மொரிஷியஸில் இருந்தபடி, ஒரு சாதாரண மடிக்கணினியோடு, இந்த வேலையில் நானும் சேர முடியுமா?"

மூன்றாவது கேள்விக்கு 'முடியும்' என்பதே பதில். எப்படி என்பதைக் கடைசியில் சொல்கிறேன். முதல் இரண்டுக்கும் கொஞ்சம் பொறுமையாகப் படிக்க வேண்டியிருக்கும். முதலில் சில சொற்கள். மனிதர் எழுதும் மூல நிரலைக் கணினி ஓட்டக்கூடிய பைனரியாக மாற்றுவது கம்பைலர்; ஜிசிசி அப்படி ஒரு கம்பைலர். தனித்தனியாகக் கம்பைல் ஆன கோப்புகளையும் லைப்ரரிகளையும் ஒரே நிரலாக இணைப்பது லிங்கர். இந்த முழு வேலைக்கும் பில்ட் என்று பெயர். டெபியன் ஒரு லினக்ஸ் இயங்குதளம்.

நேரடிக் காரணம் சின்னது. டெபியன் 13-க்கான தயாரிப்பில், கம்பைலர் முதலான அடிப்படைக் கருவிகளை இனிமேல் மாற்றக் கூடாது என்ற உறைநிலை 2025 மார்ச் 15 அன்றே தொடங்கிவிட்டது. ஜிசிசி 15 வந்தது அதற்கு அடுத்த மாதம். ஆனால் இது பதிலே ஆகாது. கருவிகளை மட்டும் வெளியீட்டுக்கு ஐந்து மாதம் முன்பே ஏன் உறைய வைக்கிறார்கள் என்று நீங்கள் அடுத்துக் கேட்பீர்கள், கேட்கவும் வேண்டும்.

நீங்கள் ஒரு மாலையில் செய்தது கம்பைலரைப் பில்ட் செய்யும் வேலை. இந்தத் தொழிலில் அதுதான் மிகச் சுலபமான பகுதி. உங்கள் கணினியில் ஏற்கெனவே இருக்கும் கம்பைலரைக் கொண்டு ஜிசிசி முதலில் தன்னை ஒருமுறை உருவாக்கிக்கொள்கிறது. அப்படிப் பிறந்த கம்பைலரால் தன்னை மறுபடி உருவாக்கிக்கொள்கிறது. அந்த இரண்டாவதைக் கொண்டு மூன்றாவது முறை. பிறகு இரண்டாம் கட்டத்தின் கோப்புகளும் மூன்றாம் கட்டத்தின் கோப்புகளும் ஒத்திருக்கின்றனவா என்று ஒப்பிட்டுப் பார்க்கிறது. ஒத்துப்போனால் கம்பைலர் தன்னளவில் நிதானமாக இருக்கிறது என்று நம்பலாம். மற்ற நிரல்களை அது எப்படி நடத்தும் என்பதற்கு இதில் எந்த உத்தரவாதமும் இல்லை. டெபியனில் மூலப் பொதிகள், அதாவது அது வழங்கும் மென்பொருள்களின் மூல நிரல் தொகுப்புகள், முப்பதாயிரத்துக்கும் மேல். யூனிக்ஸ் வழிவந்த இன்னோர் இயங்குதளமான ஃபிரீபிஎஸ்டியில், வெளி மென்பொருள்களுக்கான போர்ட்ஸ் தொகுப்பும் முப்பதாயிரத்தைத் தாண்டும். நம் கல்யாண வீடுகளில் ஏழு கறி சமைப்பவர் அடுப்பை மாற்றினால், செய்முறையில் ஓர் எழுத்துக்கூட மாறாவிட்டாலும், ஏழையும் மறுபடி ருசி பார்த்தாக வேண்டும். இங்கே கறிகளின் எண்ணிக்கை முப்பதாயிரம்.

ருசி பார்க்கும் முறை எளிமையானது, ஆனால் முரட்டுத்தனமானது. புதிய கம்பைலரை ஓரமாக வைத்துக்கொண்டு அத்தனை பொதிகளையும் அதனால் மறுபடி பில்ட் செய்து பார்ப்பார்கள். டெபியனில் இந்தச் சோதனை, இயல்பாகப் பயன்படும் கம்பைலர் மாறுவதற்குப் பல மாதங்கள் முன்பே நடக்கும். உடைந்த ஒவ்வொரு பொதிக்கும் அதன் பராமரிப்பாளர் பெயரில் ஒரு வழுப் பதிவு (பிழைப் புகார்) திறக்கப்படும். ஃபிரீபிஎஸ்டியில் இதையே போர்ட்ஸ் குழு 'எக்ஸ்ப்-ரன்' என்ற பெயரில் செய்கிறது. கணினிகள் இராப்பகலாக ஓடி முடித்த பின்பு மிஞ்சுவது பதிவுக் கோப்புகளின் மலை. கருவிக் குழுவின் உண்மையான வேலை அங்கேதான் தொடங்குகிறது: ஒவ்வொரு பதிவையும் திறந்து, இது யாருடைய குற்றம் என்று தீர்மானிக்க வேண்டும்.

அந்தக் குற்றவாளிக் கூண்டில் மூன்று பேர் நிற்கக்கூடும். நிரலை எழுதியவர் விதியை மீறியிருக்கலாம். கம்பைலரிலேயே உண்மையான வழு இருக்கலாம். அல்லது இயங்குதளம் தன் பங்குக்குச் சேர்த்திருக்கும் பேட்ச்சும் (நிரலில் ஒட்டும் சிறு திருத்தம்) பாதுகாப்புக் கொடிகளும் (கம்பைலருக்குத் தரும் தெரிவுகள்) இடறியிருக்கலாம். புதியவர்கள் எல்லோரும் முதலில் கம்பைலரைத்தான் சந்தேகிப்பார்கள். நான் பார்த்தவரை பெரும்பாலான வழக்குகளில் குற்றவாளி நிரல்தான். ஆனால் பத்து ஆண்டுகளாக ஓடிய நிரலை எழுதியவரிடம் போய் "இது தொடக்கத்திலிருந்தே தவறு" என்று சொன்னால் எப்படி வரவேற்பார் என்பதை நீங்களே ஊகித்துக்கொள்ளலாம். சொன்னது உண்மையாக இருந்தாலும் அத்தோடு வழக்கு முடிந்துவிடுவதும் இல்லை.

இதற்கு நான் எப்போதும் எடுத்துக்காட்டும் வழக்கு 2010-ல் நடந்தது. சி மொழியில் நினைவகத்தின் ஒரு பகுதியை இன்னொரு பகுதிக்குப் பிரதியெடுக்க 'மெம்காப்பி' என்ற செயற்கூறு இருக்கிறது. இரண்டு பகுதிகளும் ஒன்றன்மேல் ஒன்று படியக் கூடாது, படிந்தால் விளைவுக்குப் பொறுப்பில்லை என்று தரநிலை தெளிவாகச் சொல்கிறது. படியும் என்றால் 'மெம்மூவ்' என்ற வேறு செயற்கூறைத்தான் பயன்படுத்த வேண்டும். அந்த ஆண்டு, பெரும்பாலான லினக்ஸ் நிரல்கள் நம்பியிருக்கும் ஜிலிப்சி என்ற அடிப்படை சி லைப்ரரியில் புதிய செயலிகளுக்காக மெம்காப்பியை வேகப்படுத்தினார்கள். வேகமான அந்த வடிவம் சில சமயங்களில் பின்னிருந்து முன்னாகப் பிரதியெடுத்தது. ஃபெடோரா என்ற லினக்ஸ் இயங்குதளத்தின் 14-ஆம் பதிப்பு வெளியானதும் அடோபி ஃபிளாஷ் உலாவிச் செருகியில் ஒலி சிதைந்து வந்தது. படியும் பகுதிகளுக்கு ஃபிளாஷ் மெம்காப்பியைப் பயன்படுத்தியிருந்தது; முன்னிருந்து பின்னாக நகலெடுக்கும் பழைய வடிவத்தில் அந்தத் தவறு வெளியே தெரியவே இல்லை.

சட்டப்படி பார்த்தால் குற்றம் ஃபிளாஷுடையது, ஐயமே இல்லை. ஆனால் லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் அந்த வழுப் பதிவுக்கே வந்து, பயனருக்குத் தேவை ஓடும் கணினி, தரநிலையின் வாசகத்தைக் காட்டி அவர் கணினியை உடைப்பது நியாயம் ஆகாது என்று வாதாடினார். கடைசியில் வழக்கைத் தீர்த்துவைத்தது லிங்கர் என்பதுதான் இதில் எனக்குப் பிடித்த இடம். ஜிலிப்சியில் ஒவ்வொரு சிம்பலுக்கும், அதாவது செயற்கூறு அல்லது மாறியின் பெயருக்கும், பதிப்பு எண் ஒட்ட முடியும். 2011-ல் வந்த ஜிலிப்சி 2.14-ல் மெம்காப்பிக்கு இரண்டு வடிவங்கள் வைத்தார்கள். முன்பே பில்ட் செய்யப்பட்ட பைனரிகள் பழைய பதிப்பு எண்ணைக் கேட்கும். அவற்றுக்குப் படிந்தாலும் கெடாத வடிவம் கிடைக்கும். புதிதாக லிங்க் ஆகும் நிரல்கள் 2.14 என்ற எண்ணைக் கேட்கும். அவற்றுக்கு வேகமான வடிவம். ஒரே பெயர், இரண்டு வாரிசுகள், இருவருக்கும் சண்டையில்லை. புதிய லினக்ஸில் பில்ட் செய்த நிரலைப் பழைய சர்வரில் ஓட்டும்போது 'ஜிலிப்சி 2.14 இல்லை' என்று பிழை வருவதற்கு இதுவும் ஒரு காரணம்.

இனி ஜிசிசி 14-க்கு வருகிறேன். 2024 மே மாதம் வெளியான இந்தப் பதிப்பு, அதுவரை எச்சரிக்கையாக மட்டும் இருந்த சில தவறுகளைப் பிழை என்று அறிவித்தது. அறிவிக்காத செயற்கூறை அழைப்பது, மாறிக்கு வகை எழுதாமல் விடுவது, சுட்டியையும் (நினைவக முகவரியையும்) முழு எண்ணையும் கலப்பது ஆகியவை அவற்றில் முக்கியமானவை. அறிவிக்காத செயற்கூறை அழைக்கும் வழக்கத்தைச் சி மொழி 1999-ஆம் ஆண்டுத் தரநிலையிலேயே விலக்கிவிட்டது. கால் நூற்றாண்டு அவகாசம் கொடுத்த பிறகுதான் கதவைச் சாத்தினார்கள். எல்எல்விஎம் குடும்பத்தின் போட்டிக் கம்பைலரான கிளாங்கின் 16-ஆம் பதிப்பு அதற்கு ஓராண்டு முன்பே, 2023 மார்ச்சில், இதே வழியில் போயிருந்தது.

ஏன் இத்தனை கண்டிப்பு என்று கேட்பீர்கள். அறிவிக்காத செயற்கூறு முழு எண்ணைத் திருப்பித் தரும் என்று கம்பைலர் எடுத்துக்கொள்ளும். அது உண்மையில் ஒரு சுட்டியைத் திருப்பித் தந்தால், 64 பிட் முகவரியில் பாதி வெட்டுப்பட்டுப் போகும். முன்பெல்லாம் முகவரிகள் பல சமயம் சின்ன எண்களாகவே இருந்ததால் வெட்டுப்பட்டது தெரியவில்லை. பாதுகாப்புக்காக நிரல்களை நினைவகத்தில் எங்கு வேண்டுமானாலும் ஏற்றும் முறையை 2017-ல் டெபியன் 9 இயல்பாக்கியது. முகவரிகள் பெரிதாயின. அதுவரை அதிர்ஷ்டத்தில் ஓடிய நிரல்கள் திடீரென்று விழத் தொடங்கின. பாதுகாப்புக் கொடி ஒன்றை மாற்றியவர் மேல் வந்து விழுந்த பழி, உண்மையில், செயற்கூறுகளை அறிவிக்கும் ஹெடர் கோப்பைச் சேர்க்க எவரோ என்றோ எழுதாமல் விட்ட ஒரு வரியினுடையது.

ஜிசிசி 14 மாற்றத்தில் பில்ட் உடைந்த பொதிகளைப் பற்றி நான் அவ்வளவு கவலைப்படவில்லை. உடைந்தது கண்ணுக்குத் தெரியும், எவராவது திருத்திவிடுவார்கள். அச்சம் தந்தவை உடையாமல் பில்ட் ஆன பொதிகள். பழைய சி நிரல்களில் 'கன்ஃபிகர்' என்று ஒரு ஸ்கிரிப்ட் இருக்கும். உங்கள் கணினியில் என்னென்ன வசதிகள் உண்டு என்று அறிய அது சின்னச் சின்னச் சோதனை நிரல்களை எழுதிக் கம்பைல் செய்து பார்க்கும். கம்பைல் ஆனால் வசதி உண்டு; ஆகாவிட்டால் இல்லை. அந்தச் சோதனை நிரல்கள் பலவும் தொண்ணூறுகளில் அவசரமாக எழுதப்பட்டவை. உரிய ஹெடர் இருக்காது, 'மெயின்' என்பதற்கு முன்னால் வகை இருக்காது. கண்டிப்பான கம்பைலர் அந்தத் தவறுக்காக நிரலை நிராகரிக்கும். ஸ்கிரிப்டோ, 'இந்தக் கணினியில் இந்த வசதியே இல்லை' என்று முடிவுகட்டிவிடும். பில்ட் பச்சை விளக்கோடு முடியும். பயனர் கைக்குப் போய்ச் சேரும் நிரலில் ஒரு வசதி மட்டும் சத்தமில்லாமல் காணாமல் போயிருக்கும்.

ஃபெடோராவில் ஃபுளோரியன் வைமரும் மற்றவர்களும் கம்பைலர் மாறுவதற்கு முன்பே இதற்கென ஒரு பெரிய திருத்தப் பணியை நடத்தினார்கள். ஜென்டூ என்ற இன்னொரு லினக்ஸ் இயங்குதளத்தின் பராமரிப்பாளர்களும் அதில் தோள் கொடுத்தார்கள். பழைய கம்பைலரும் புதிய கம்பைலரும் ஒரே சோதனைக்கு வெவ்வேறு பதில் தருகின்றனவா என்று ஒப்பிட்டுப் பார்ப்பதே அதன் சாரம். இந்த வேலையில் புகழ் கிடையாது. சரியாகச் செய்தால், ஒன்றுமே நடக்கவில்லை என்று உலகம் நினைத்துக்கொள்ளும். ஜிசிசி 15 தன் பங்குக்குச் சி மொழியின் 2023 தரநிலையை இயல்பாக்கியிருக்கிறது. உண்மை, பொய் என்ற மதிப்புகளுக்கான 'பூல்' இப்போது மொழியின் சொந்தச் சொல். அதைத் தானே வரையறுத்துக்கொண்ட பழைய நிரல்கள் எல்லாம் இடறும். வெற்று அடைப்புக்குறியோடு அறிவிக்கப்பட்ட செயற்கூறு இனி அளபுருக்கள் எதையும் ஏற்காது. நீங்கள் கேட்ட தாமதத்துக்குள் இந்த இரண்டு வரிகளின் விளைவும் அடங்கியிருக்கிறது.

இப்போது லிங்கர். அதற்குத் தனியாக ஆள் எதற்கு என்று கேட்டீர்கள். கம்பைலரில் செய்த மாற்றம் லிங்கரில் வந்து வெடிக்கும் என்பதற்கு ஜிசிசி 10 நல்ல சாட்சி. ஒரு ஹெடர் கோப்பில் ஒரு மாறியை வரையறுத்துவிட்டு, அந்த ஹெடரைப் பத்துக் கோப்புகளில் சேர்த்தால், முன்பெல்லாம் லிங்கர் அந்தப் பத்தையும் ஒன்றாக இணைத்துப் பெருந்தன்மையோடு விட்டுவிடும். 2020-ல் ஜிசிசி 10 அந்தப் பெருந்தன்மையை இயல்பாக நிறுத்தியது. உடனே ஏராளமான பொதிகள் 'ஒரே சிம்பலுக்குப் பல வரையறைகள்' என்ற பிழையோடு நின்றன. பிழையை அச்சிட்டது லிங்கர், மாறியது கம்பைலர், குற்றம் ஹெடரை எழுதியவருடையது. மூவரையும் பிரித்துப் பார்க்கத் தெரியாதவர் லிங்கரின் பெயரில் வழு பதிவார். லிங்கர் குழு அதை ஜிசிசிக்குத் தள்ளும், அவர்கள் நிரலாசிரியருக்குத் தள்ளுவார்கள். இடையில் நின்று "இது இவருடையது" என்று முதல் நாளே சொல்ல ஓர் ஆள் வேண்டும்.

லிங்கர்களுக்குள்ளும் குணபேதம் உண்டு. டெபியனின் இயல்பு லிங்கரான குனு எல்டி, கட்டளை வரியில் கொடுத்த வரிசையிலேயே நிலையான (ஸ்டாட்டிக்) லைப்ரரிகளைப் படித்துப் போகும். தேவையில்லை என்று கடந்துவிட்டதைத் திரும்பிப் பார்க்காது. ஃபிரீபிஎஸ்டி பயன்படுத்தும், எல்எல்விஎம் குடும்பத்தின் எல்எல்டி, கடந்துபோன லைப்ரரிகளில் என்ன இருந்தது என்பதை நினைவில் வைத்திருக்கும். அதனால் வரிசை பிசகினாலும் லிங்க் ஆகிவிடும். ஃபிரீபிஎஸ்டியில் சிக்கலில்லாமல் பில்ட் ஆன நிரல் டெபியனில் நின்றுபோவதற்கு இப்படி ஒரு காரணம் போதும். இரக்கமுள்ள கருவி நல்ல கருவிதானா என்று இந்தத் தொழிலில் நெடுநாளாக வாதம் நடக்கிறது. என் ஓட்டு கண்டிப்பான கருவிக்கே. மெம்காப்பி வழக்கில் மட்டும் நான் லினஸ் கட்சி.

லிங்கரின் பொறுப்பில் பெரியது, எழுதப்படாத ஒப்பந்தங்கள். ஒரு லைப்ரரியும் அதை நம்பியிருக்கும் நிரலும் தனித்தனியே பில்ட் ஆகி, ஓடும் நேரத்தில்தான் சந்திக்கின்றன. சரத்தை (எழுத்துத் தொடரை) நினைவகத்தில் எப்படி அடுக்குவது, நேரத்துக்கு எத்தனை பிட் என்பவற்றில் இருவரும் ஒரே எண்ணத்தோடு இருக்க வேண்டும். 2015-ல் ஜிசிசி 5 வந்தபோது, சி++ 11 தரநிலைக்கு ஒத்துப்போகச் சரத்தின் உள்ளமைப்பையே மாற்றினார்கள். டெபியனில் பாதிக்கப்பட்ட லைப்ரரிப் பொதிகளின் பெயருக்குப் பின்னால் 'வி5' என்ற வாலை ஒட்டி, நம்பியிருந்த அத்தனையையும் மறுபடி பில்ட் செய்தார்கள். 2024-ல் இன்னொரு வால், 'டி64'. 32 பிட்டில் நேரத்தை எண்ணும் கணினிகளுக்கு 2038 ஜனவரி 19 அன்று எண் தீர்ந்துவிடும். அதற்குள் 32 பிட் ஆர்ம் கணினிகளை 64 பிட் நேரத்துக்கு மாற்றியாக வேண்டும் என்பதால் நூற்றுக்கணக்கான லைப்ரரிகள் ஒரே மூச்சில் பெயர் மாறின. பழைய 32 பிட் பைனரிகளை ஓட்டுவதற்காகவே வைத்திருக்கும் ஐ386 என்ற 32 பிட் இன்டெல் வகையை மட்டும் தொடாமல் விட்டார்கள். அது விவேகமான முடிவு.

ஒரே வரி மாற்றமும் இதேபோல் ஊரைக் கலக்கும். 2022 ஆகஸ்டில் வந்த ஜிலிப்சி 2.36, தன் சிம்பல் அட்டவணையைப் பழைய வடிவத்திலும் சேர்த்து எழுதுவதை நிறுத்திவிட்டு, புதிய வடிவத்தில் மட்டும் எழுதியது. நிரல் தொடங்கும்போது லைப்ரரிகளை இணைக்கும் டைனமிக் லிங்கருக்குப் புதியது போதும், எவருக்கும் வலிக்காது என்று எண்ணினார்கள். ஆனால் கணினி விளையாட்டுகளில் ஏமாற்றைத் தடுக்கும் ஒரு மென்பொருள் பழைய அட்டவணையை நேரடியாகப் படித்துக்கொண்டிருந்தது. விளையாட்டுகள் நின்றன. சில இயங்குதளங்கள் இரண்டு அட்டவணைகளையும் எழுதச் சொல்லும் கொடியைத் தாங்களே திரும்பச் சேர்த்தன.

2024 மார்ச் 29 அன்று ஆண்ட்ரெஸ் ஃப்ராயிண்ட் வெளிப்படுத்திய, எக்ஸ்இசட் என்ற கோப்புச் சுருக்க மென்பொருளில் ஒளித்து வைக்கப்பட்ட பின்கதவையும் லிங்கர் கண்ணோடு பார்க்க வேண்டும். எஸ்எஸ்எச் வழியாகத் தொலைக் கணினிக்குள் நுழைவது ஏறத்தாழ அரை விநாடி தாமதமாவதைக் கவனித்துத்தான் அவர் அதைக் கண்டுபிடித்தார் என்பது எல்லோருக்கும் தெரியும். அதிகம் பேசப்படாதது, அந்த நஞ்சு நுழைந்த வாசல். செயலிக்கு ஏற்ற வேகமான வடிவத்தை ஓடும் நேரத்தில் தேர்ந்தெடுக்க 'ஐஃபங்க்' என்று ஒரு வசதி இருக்கிறது. நிரலின் முதல் வரி ஓடுவதற்கு முன்பே, டைனமிக் லிங்கர் தன் அட்டவணைகளைப் பூட்டுவதற்கும் முன்பே, அந்தத் தேர்வு நடக்கும். தாக்கியவர் நுழைந்தது அந்த இடைவெளியில். மூல நிரல் களஞ்சியத்தில் பார்த்தவர்களுக்கு முக்கியமான துண்டு தென்படவில்லை. வெளியீட்டுக்கென்று கட்டப்பட்ட சுருக்கக் கோப்பில்தான் அது இருந்தது. எஸ்எஸ்எச் சர்வர் எக்ஸ்இசட் லைப்ரரியை நேரடியாகக் கேட்கவும் இல்லை. சில லினக்ஸ் இயங்குதளங்கள் போட்ட ஒரு பேட்ச் வழியாக, இன்னொரு லைப்ரரியின் வால் பிடித்து அது உள்ளே வந்தது. ஒரு பொதிக்குள் என்னென்ன லைப்ரரிகள் லிங்க் ஆகின்றன என்று பார்ப்பது சலிப்பான கணக்குப்பிள்ளை வேலை என்று நினைப்பவர்கள் இதை ஒருமுறை முழுதாகப் படிக்க வேண்டும்.

ஃபிரீபிஎஸ்டியின் கதை வேறு மாதிரி. அங்கே கம்பைலரும் லிங்கரும் இயங்குதளத்தின் சொந்த மூல நிரல் மரத்துக்குள்ளேயே வாழ்கின்றன. 2007-ல் குனு உரிமத்தின் மூன்றாம் பதிப்பு வந்ததும் ஜிசிசியும், குனு எல்டி அடங்கிய பினுட்டில்ஸ் தொகுப்பும் அதற்கு மாறின. அந்த உரிமத்தை அடிப்படை அமைப்புக்குள் விட ஃபிரீபிஎஸ்டி விரும்பவில்லை. அதனால் இரண்டாம் பதிப்பு உரிமத்தில் கடைசியாக வந்த ஜிசிசி 4.2.1-லும் பினுட்டில்ஸ் 2.17.50-லும் நின்றுவிட்டது. உலகம் சி++ 11 எழுதத் தொடங்கியது, செயலிகளில் புதிய கட்டளைகள் வந்தன. அவர்கள் கையில் இருந்ததோ காலத்தில் உறைந்த கருவிகள். தேவைப்பட்டவற்றைக் கையாலேயே ஒட்டுப்போட்டு ஓட்டினார்கள்.

மீட்சி எல்எல்விஎம் வழியாக வந்தது. 2014 ஜனவரியில் வெளியான ஃபிரீபிஎஸ்டி 10.0-ல் முக்கியத் தளங்களுக்குக் கிளாங் இயல்பு கம்பைலர் ஆனது. ஆனால் இன்றைய 64 பிட் பிசிகளின் செயலி வகையான ஏஎம்டி64-ல் எல்எல்டி இயல்பு லிங்கர் ஆனது 2018 டிசம்பரில், 12.0-ல்தான். கம்பைலரை மாற்றிய பிறகு லிங்கரை மாற்ற ஏறத்தாழ ஐந்து ஆண்டுகள். காரணம், இயங்குதளத்தின் மையமான கர்னலும் அதைத் தொடங்கிவைக்கும் பூட் லோடரும் நினைவகத்தில் எங்கெங்கே அமர வேண்டும் என்று லிங்கர் ஸ்கிரிப்டுகளில் எழுதி வைத்திருக்கிறார்கள். அந்த ஸ்கிரிப்ட் மொழிக்கு முழுமையான இலக்கணம் என்று ஒன்றும் கிடையாது; குனு எல்டி என்ன செய்கிறதோ அதுதான் இலக்கணம். புதிய லிங்கர் அதை வரிக்கு வரி ஒத்துப்போக வேண்டும், போர்ட்ஸ் தொகுப்பின் பழக்கங்களோடும் ஒத்துப்போக வேண்டும். ஜிசிசி 4.2.1 மரத்திலிருந்து நீங்கியது 2020 பிப்ரவரியில். அதே காலத்தில் ஸ்பார்க்64 என்ற செயலித் தளத்துக்கான ஆதரவும் நீங்கியது. அந்தத் தளம் பழைய ஜிசிசியை நம்பியே உயிரோடு இருந்தது. அதைப் புதிய கருவிகளுக்குக் கொண்டுவரப் போதுமான ஆள் இல்லை.

வன்பொருள் பழுதாகி ஒரு தளம் சாவது அரிது. பெரும்பாலும் கருவி இல்லாமல்தான் சாகும். டெபியன் 13-ல் மிப்ஸ் என்ற செயலி வகையின் 32 பிட் தளம் இல்லை. அந்தக் கட்டமைப்பில் ஒரு நிரலுக்குக் கிடைக்கும் முகவரி இடம் 2 ஜிபி மட்டுமே. இன்றைய பெரிய நிரல்களை லிங்க் செய்ய அது போதாது என்பது முக்கியக் காரணங்களில் ஒன்று.

கருவிகளின் மேல் இருக்கும் நம்பிக்கையைப் பற்றி ஒரு சிறு குறிப்பு. கம்பைலருக்குள்ளேயே பின்கதவை ஒளித்து, மூல நிரலில் அதன் சுவடே இல்லாமல் செய்யலாம் என்று, யூனிக்ஸை உருவாக்கியவர்களில் ஒருவரான கென் தாம்சன் 1984-ல் காட்டினார். குனு கிக்ஸ் இயங்குதளம் 2023-ல் இதற்கு நேரான ஒரு பதிலை எட்டியது. தொடக்கத்தில் நம்பியாக வேண்டிய பைனரி விதையை 357 பைட்டுகளாகச் சுருக்கி, அதிலிருந்து படிப்படியாக ஜிசிசி வரை மூல நிரலிலிருந்தே ஏறி வருகிறார்கள். நடைமுறையில் பெரும்பாலான இயங்குதளங்கள் இன்னும் நேற்றைய கம்பைலரை நம்பித்தான் இன்றைய கம்பைலரை உருவாக்குகின்றன.

இனி உங்கள் மூன்றாவது கேள்வி. மடிக்கணினி போதுமா? ஜிசிசிக்குப் போதும், பொறுமை இருந்தால். எல்எல்விஎம்மைப் பிழைத்திருத்தத் தகவலோடு பில்ட் செய்ய மட்டும் ஆசைப்படாதீர்கள்; 15 முதல் 20 ஜிபி வரை வட்டு இடம் கேட்கும். அதைவிட மோசம், லிங்க் கட்டத்தில் பல லிங்கர்கள் ஒரே நேரத்தில் ஓடி நினைவகத்தை விழுங்கிவிடும். ஒரே சமயத்தில் எத்தனை லிங்க் வேலை நடக்கலாம் என்று கட்டுப்படுத்த அதன் பில்ட் அமைப்பிலேயே ஒரு தெரிவு இருக்கிறது. அதை ஒன்று அல்லது இரண்டு என்று வையுங்கள். ஜிசிசி கம்பைல் ஃபார்ம் என்று ஒரு கணினித் தொகுப்பு உண்டு. கட்டற்ற மென்பொருளில் பங்களிப்பவர்களுக்கு இலவசமாகக் கணக்குத் தருகிறார்கள். ஆர்ம், பவர், ரிஸ்க்-வி என்று நீங்கள் விலைகொடுத்து வாங்க முடியாத செயலிகளில் உள்நுழைந்து சோதிக்கலாம். இங்கிருந்து ஐரோப்பாவுக்குப் போய்த் திரும்பும் ஒவ்வொரு விசைத்தட்டும் உங்கள் பொறுமையைச் சோதிக்கும். ஆனால் வேலையை அங்கேயே டிமக்ஸ் அமர்வில் ஓடவிட்டுவிட்டு இணைப்பைத் துண்டித்துக்கொள்ளலாம். புயல் எச்சரிக்கை மூன்றாம் வகுப்புக்கு ஏறி, வீட்டில் மின்சாரம் போனாலும் பில்ட் நடந்துகொண்டிருக்கும்.

எங்கே தொடங்குவது? கம்பைலருக்குள் நேரே குதிக்க வேண்டாம். தமிழ்த் தட்டச்சுக்கு உதவும் எம்17என் லைப்ரரியோ, எழுத்துகளைக் கோக்கும் ஹார்ஃப்பஸ்ஸோ, நீங்கள் நாள்தோறும் தொடும் ஏதாவது ஒரு பொதியை எடுங்கள். இப்போதைய ஜிசிசியாலும், அடுத்து வரப்போகும் ஜிசிசியாலும், கிளாங்காலும் தனித்தனியே பில்ட் செய்யுங்கள். கன்ஃபிகர் ஸ்கிரிப்ட் இருந்தால், அது எழுதிவைக்கும் பதிவுக் கோப்புகளை ஒன்றோடொன்று ஒப்பிடுங்கள். ஒரு கம்பைலரில் 'உண்டு' என்றும் இன்னொன்றில் 'இல்லை' என்றும் வந்தால், உங்கள் முதல் வேலை கையில் கிடைத்துவிட்டது. ரீட்எல்ஃப், என்எம் ஆகிய இரண்டு கருவிகளோடும் பழகுங்கள்; ஒரு பைனரி எந்தச் சிம்பலை எந்தப் பதிப்பில் கேட்கிறது என்பதைக் கண்ணால் பார்த்துவிட்டால் பாதிக் குழப்பம் தீரும்.

கம்பைலரில்தான் வழு என்று உறுதியாகத் தோன்றினால், இருபதாயிரம் வரி நிரலை அப்படியே அனுப்பி வைக்காதீர்கள், எவரும் படிக்க மாட்டார்கள். பிழை மறையாமல் நிரலைத் தானாகவே வெட்டிச் சுருக்கும் சி-ரிடியூஸ், சி-வைஸ் என்ற கருவிகள் இருக்கின்றன. இருபது வரிக்குக் கொண்டுவந்த பிறகு அனுப்புங்கள். சுருக்கும்போதே பல சமயம், குற்றம் நிரலுடையது என்பது தெரிந்து வழக்கு தள்ளுபடியாகிவிடும். திருத்தம் எழுதினால் அதை இயங்குதளத்தின் பேட்ச் கோப்புறையில் மட்டும் போட்டுவிட்டு நகர வேண்டாம். மூல ஆசிரியருக்கும் அனுப்புங்கள். அவர் ஏற்காவிட்டால், ஒவ்வொரு புதிய பதிப்பின்போதும் அந்த பேட்ச்சைத் தூக்கிச் சுமப்பது உங்கள் தலையில் விழும். கருவிக் குழுக்கள் களைத்துப்போவதற்குப் புதிய வேலையைவிட இப்படிச் சேர்ந்துபோன பழைய பேட்ச்சுகளே பெரிய காரணம் என்பது என் கணிப்பு.

ஆள் பழக்கம் இல்லையே என்று தயங்க வேண்டாம். டெபியன்காரர்களின் ஆண்டுக் கூட்டம் 2016-ல் கேப் டவுனிலேயே நடந்தது. நம் பக்கத்து முகங்களை அவர்களுக்குப் பழக்கம்தான். வழுப் பதிவில் ஒழுங்காக எழுதினால் ஊர் எது என்று எவரும் கேட்பதில்லை. சி++ தெரியாதே என்று இன்னொரு செய்தியில் எழுதியிருந்தீர்கள். கம்பைலருக்குள் வேலை செய்ய அது வேண்டும். ஜிசிசியே இன்று சி++ மொழியில்தான் எழுதப்படுகிறது. பதிவுக் கோப்பைப் படித்துக் குற்றவாளியைப் பிரிக்க சி மொழியும், கொஞ்சம் அசெம்பிளியும், ஷெல்லும் போதும். டெபியனின் வழுப் பட்டியலில் ஜிசிசி 15-ஆல் பில்ட் உடைந்தவற்றுக்குத் தனிக் குறிச்சொல் இருக்கிறது. அதில் எவரும் தொடாத ஒரு சின்ன சி நிரலை இந்த வார இறுதியில் எடுத்துப் பாருங்கள்.